இடப்பக்கத்துப் பறவை

கீழக்கரை, பிப்ரவரி மாதம்.
பாகம் பிரிக்குமுன் விலை சொல்ல
மதுரையிலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.
மேசையில் செய்தித்தாள் விரித்து
கடிகாரத்தை அதன்மேல் வைத்துவிட்டு
ஆசியா மரியம் உட்கார்ந்துகொண்டார்,
வலிக்கிற பல்லை டாக்டரிடம் காட்டுகிறவர் மாதிரி.

ஒரு சாண் உயரம். தலையில் கைப்பிடி.
குதிரை வண்டியில் தூரம் போகிறவர்களுக்காக
பாரிஸில் செய்தது.
மேல்கண்ணாடிக்குக் கீழே
சின்னச் சக்கரமொன்று முன்னும் பின்னுமாக
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
"சாவி கொடுப்பது யார்?"
"நான்தான். வெள்ளிக்கு வெள்ளி, ஜும்ஆவுக்கு முன்னால."

நாலு மூலையிலும் மூங்கில் போல வார்த்த பித்தளைத் தூண்.
கணு இடுக்குகளில்
உப்புக்காற்று பச்சையாகப் பூத்திருந்தது.

வலப்பக்கத்துப் பீங்கானில் ஜப்பான்:
ஒரு மலை, குடை பிடித்த பெண்,
சாமந்தி, ஒற்றைக் கொக்கு.
வரைந்தவன் ஜப்பானைப் பார்த்ததில்லை.
கப்பலில் வந்த விசிறிகளையும்
தேயிலைப் பெட்டியில் சுற்றிய தாளையும்
பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறான்.
அலகில் வாத்துச் சாயல்.
கால், தொழுகையில் அமரப்போகும் மனிதனுடையதைப் போல
முன்பக்கம் முட்டி வைத்து மடிகிறது.
ஓரத்துத் தங்கக்கோடு துளியும் அழியவில்லை.
"விலை இதற்குத்தான்" என்றேன்.

லென்ஸை இடப்பக்கம் நகர்த்தினேன்.
அங்கே வெள்ளை, வேறு வெள்ளை.
தங்கக்கோடு இல்லை.
பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தால்
தட்டின் அடிவளையத்தை அரம் வைத்துத் தேய்த்த தடம்.
மலை கிடையாது. பூ கிடையாது.
பறவை மட்டும்:
கழுத்தை இறக்கி, தலையைக் கவிழ்த்து
மேலலகு கீழாகச் சேற்றை அரிக்கிறது.
இறக்கை விளிம்பில் ஒரே ஒரு இழுப்பு, சிவப்பு.
கால் மடியும் இடம் சரி. மடியும் திசையும் சரி.
முந்தின நாள் வாலிநோக்கம் கழிமுகத்தில்
காரை நிறுத்தி நான் பார்த்த பூநாரை.

"இது மாற்றுப் பலகை. பாதி விலை போய்விடும்."

"கொழும்பிலேர்ந்து தோணியில வரும்போது உடைஞ்சதாம்.
பெட்டிக்கு வார்னிஷ் அடிக்க வந்தவன் போட்டான்னு ஒரு பேச்சு.
வாப்பாவோட சித்தி ஒருத்தி போட்டான்னு இன்னொண்ணு.
பேரு எங்கேயும் எழுதி வைக்கல."
கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்:
"பாக்காம வரஞ்சதுக்கு முழு விலை.
பாத்து வரஞ்சதுக்குக் கழிவா?"

சந்தை தரும் பதில் என்னிடம் இருந்தது.
வாயில் தொதலும் இருந்தது.
நல்லவேளை.

உள்ளறையிலிருந்து தம்பி தைக்கா சாகிப்பின் குரல்:
"எவ்வளவு வருது லாத்தா?"

அவர் பதில் சொல்லாமல்
கடிகாரத் தலையிலிருந்த பொத்தானை அழுத்தினார்.
இருட்டு வண்டியில் தீக்குச்சி உரசாமல்
மணி தெரிந்துகொள்ள வைத்த பொத்தான்;
அடித்து முடித்ததை இன்னொரு தடவை அடிக்கும்.
பதினொன்று வரை விரலில் எண்ணினார்.

பிறகு என் பக்கம் குனிந்து
குரலைத் தாழ்த்தினார்.
"அவனுக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒண்ணு.
பாதின்னே எழுதுங்க. பழுதுன்னு பெரிசா எழுதுங்க.
அவனுக்கு வேண்டாம்னு ஆயிடும்."

எழுதினேன்.
பழுது. உள்ளூர் வேலை. வரைந்தவர் பெயர் இல்லை.
இருபது வருடத் தொழிலில்
இவ்வளவு அழகான கையெழுத்தில்
நான் விலையைக் குறைத்ததில்லை.

கிளம்பும்போது பார்த்தேன்.
கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தார்,
கொக்கு சுவரைப் பார்க்க.