மூன்றாவது பலகை

கோலோ ஆற்றுப் பாலத்திலிருந்து கணவாய் வரை
பலகை நட்டது நாங்கள்தான், நானும் சாவேரியுவும்.
கிலோமீட்டருக்கு ஒன்று,
மிதித்து ஏறுகிறவர்கள் படிப்பதற்கு:
உச்சிக்கு இத்தனை தூரம், ஏற்றம் நூற்றுக்கு இத்தனை.
துளைக்கும் எந்திரம் அவனிடம்.
சிமெண்ட்டும் மதிய ரொட்டியும் என்னிடம்.

எல்லாம் சொன்ன இடத்தில் நின்றன, ஒன்றைத் தவிர.
மூன்று என்று எழுதிய பலகைக்குப் பாறை இசையவில்லை.
இரண்டு முனை முறிந்தது.
மழை பிடித்துக்கொண்டது; ஈரமான பைன் ஊசிகள்
சட்டைக் கழுத்துக்குள் இறங்கின.
"கொஞ்சம் கீழே மண் இளக்கமாக இருக்கிறது" என்றான்.
கொஞ்சம் என்றால் நானூறு மீட்டர்.
தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து இந்த மலையில்
மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள கிலோமீட்டர்
ஆயிரத்து நானூறு மீட்டர் நீளம்.
வேனில் போகும்போது பார்த்திருக்கிறேன்:
கைப்பிடியில் மாட்டிய கருவியை விரலால் தட்டுவார்கள்,
கழற்றி உதறுவார்கள்,
கருவிதான் கெட்டது என்று முடிவு கட்டுவார்கள்.
எங்கள் வேட்டைக்காரர்கள் பலகையில் ஊர்ப்பெயரைச் சுடுவார்கள்,
பிரெஞ்சில் எழுதியிருந்தால் இரண்டு குண்டு கூடுதல்.
எண்ணை யாரும் சுடுவதில்லை.
எண்ணுக்கு அவ்வளவு மரியாதை.

மார்ச்சில் என் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கினார்கள்.
(ஒரு கோப்பை என்றேன் நான். நான்கு என்றது ஊதுகுழல்.)
பனிவாரும் வண்டியின் கொட்டகை உச்சியில்,
எட்டு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும்.
லிசாந்த்ராவின் மதுக்கடைப் பின்புறம் ஒரு சைக்கிள் கிடந்தது,
எவனோ டச்சுக்காரன் கோபத்தில் போட்டுவிட்டுப் பஸ் ஏறியது.
"எங்கே வந்ததாம் கோபம்?"
"மேலே, மூன்றைத் தாண்டி" என்றாள், கோப்பை துடைத்தபடி.

இருட்டோடு கிளம்பினேன்.
மலையிடுக்கில் ஆறு எனக்குக் கீழே, எதிர்த் திசையில்,
இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் போலப் போயிற்று.
அவசரத்தில் நான் அப்பிய தார் ஒட்டுகளை
ஒன்று விடாமல் கணக்கெடுத்தது இருக்கை.
அணை தாண்டியதும் செஸ்ட்நட் மரங்கள், அடியில் பன்றிகள்.
சாலையில் வெயில் விழுந்த பாதியில் படுத்துக்கொண்டு,
எழுந்து வழிவிடலாமா என்று யோசித்து,
வேண்டாம் என்றன.

பிறகு பைன்.
ஆற்றின் ஓசை எங்கோ ஒதுங்கிவிட,
என் மூச்சு மட்டும், எண்ணெய் காணாத கதவாக.
பிசின் வாசனை தொண்டைவரை.
எத்தனை ஆயிரம் மரம்! நிமிர்ந்து, நேராக.
ஒன்றுகூடத் தப்பான இடத்தில் நிற்கிறாற்போல் இல்லை.

மூன்றாவது பலகையருகே ஒருத்தி என்னை எட்டிப் பிடித்தாள்.
வெள்ளைமுடி, முழங்காலில் தழும்பு, பெல்ஜியப் பேச்சு.
"மூன்றுதான்!" என்று மூன்று விரல் காட்டினாள்,
என்னவோ தானே குறைத்துத் தந்ததுபோல.
சொல்லிவிட வாய் திறந்தேன்.
காற்றுதான் வந்தது.
அதற்குள் வளைவு அவளை எடுத்துக்கொண்டது.

தலைக்குத் தெரியும், மூன்றும் நானூறும் என்று.
காலுக்குத் தெரியவில்லை.
எழுதியிருந்ததைப் படித்துவிட்டு
எழுந்து நின்று மிதித்தது முட்டாள் கால்.

நானூறாவது மீட்டரில் அந்தப் பாறை.
இரண்டு ஓட்டை, சுண்டுவிரல் நுழையாத ஆழம்,
ஒன்றில் எங்கள் இரும்பு துருவேறி.
இறங்கி நின்றேன்.
இங்கிருந்துதான் மூன்று.
சாவேரியுவைத் திட்டினேன், அம்மாவைத் தவிர்த்து.
எட்டேமுக்காலுக்குக் கொட்டகையைத் திறந்தேன்.
அலமாரியில் புது முனைகள், உறை பிரிக்காமல்,
சென்ற ஆண்டு ரசீதோடு.

மாலையில் இறங்கும்போது நானூறு மீட்டர்
ஒரு தும்மல் அளவு.
இருந்தாலும் பிரேக் பிடித்தேன்.
ஏறுகிறவர் யாரும் பார்க்காத பலகையின் முதுகில்
சாவேரியு மையால் கிறுக்கியது அழியாமல் இருந்தது:
தேதி, அதன் கீழே ஒரே சொல்.
மழை.