முகத்துவாரம்

பாலமீன்மடுப் பூபாலபிள்ளைக்குக்
கண்வெள்ளை பழுத்து நாலு நாள்.
மருந்துத் துண்டின் பின்பக்கம் ஈரலை வரைந்தேன்.
வலது மடல் பெரிது.
மடலுக்கொன்றாய் இரண்டு ஓடை இறங்கி ஒன்றாகும்;
கீழே தொங்கும் பச்சைப் பையின்
வளைந்த கழுத்தும் அதில் வந்து விழும்.
பிறகு ஒரே குழாய்,
முன்சிறுகுடலின் முதுகுப் பக்கம் ஒளிந்து
கணையத்தின் தலைக்குள் நுழைந்து
கணைய நீரையும் கூட்டிக்கொண்டு
குடலில் வாய் திறக்கும்.
அரிசிமணி அளவு வாய்.

"அவடத்ததான் கல்லு."

பேனையை வாங்கி அந்த இடத்தில்
ஒரு குறுக்குக்கோடு போட்டார்.
"மாரியில வாவித்தண்ணி வயலுக்க ஏறி நிக்கும், டொக்டர்.
மம்மட்டியோட போய் மண்மேட்டில
ஒரு சாண் கீறினாக் காணும்.
மிச்சத்தத் தண்ணியே வெட்டிக்கும்."

இங்கே மிச்சத்தை எதுவும் வெட்டக்கூடாது,
ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் இரத்தம்.
அதை நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் திரையில்
சின்னஞ்சிறு கீறல்.
கல் புரண்டது. அதன் பின்னால்
பொறுமை கெட்டுப்போன பித்தம்,
கரும்பச்சையாய்.

மூன்றாம் நாள் காலை, வார்டே பார்க்க,
மூத்திரப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்,
பெரிய கொடுவா பட்டவர் மாதிரி:
"தெளிஞ்சிட்டு, பாருங்க!"