இருபத்தொன்றாம் நம்பர் ஊசி

ரயில்பெட்டித் தொழிற்சாலை மதிலோரம்
விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு
பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது.
கேரியரில் ஐஸ் பெட்டி.
பெட்டிக்குள் ஆறு பேருடைய வெறுவயிற்று ரத்தம்.
அதுபாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வருடத்தில் பதினோராவது.
பெயர், வயது, எடுத்த நேரம் எழுதும் அதே பேனாவால்
இதையும் எழுதி வருகிறேன்.
பிப்ரவரி, ஓட்டேரி, லாட ஆணி.
மே, மெட்ரோவுக்குத் தோண்டிய இடம், ஸ்க்ரூ.
அக்டோபர், முழங்கால் தண்ணீருக்குள், என்னவென்று தெரியவில்லை.
மற்றதெல்லாம் கம்பி.
லாரி டயர் வெடித்துச் சிதறும்போது
தார்ச்சாலையில் உதிர்கிற தலைமுடிக் கம்பி.
செத்த டயர்
உயிரோடிருக்கும் டயரைக் கடிக்கிறது.

ஒட்டுப்போட அறுபது ரூபாய்.
தாமதத்துக்கு லேபில் பிடிப்பது நூறு.
காபி குடிக்காமல் காத்திருக்கும்
சேத்துப்பட்டு வைதேகி மேடத்தின் பேச்சுக்கு
விலை போட முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் ரத்தன் பஜார்.
அல்தாப் என்கிற பையன்
மூன்று டயரை என் முன்னால் போட்டான்.
இருநூற்றெண்பது. "இது போதும்க்கா, எல்லாரும் இதான்."
அறுநூற்றைம்பது. உள்ளே நைலான் இரண்டு மடிப்பு.
ஆயிரத்து நானூறு.
மேல்ரப்பருக்கு அடியில், மூன்று ஒற்றை ரூபாயை
அடுக்கிய கனத்துக்கு, நீல ரப்பர்.
"வெயிட்டுக்கா. மிதிக்க முடியாது. லேடீஸுக்கு..."
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நரம்பு தேடிப் பழகிய விரல் எனக்கு.
அழுத்திப் பார்த்தேன்.
முதலாவது, குழந்தையின் முழங்கை மடிப்பு.
அடுத்தது சென்ட்ரிங் வேலைக்காரர் கை.
மூன்றாவது அயனாவரம் பாலசுந்தரம் சார்:
இரண்டு கையும் தேடி, புறங்கைக்கு வந்து,
அவர் சிரித்துக்கொண்டிருக்க
எனக்கு வேர்த்துப்போகும்.

பையைத் திறந்தேன்.
இருபத்தொன்றாம் நம்பர், பச்சைத் தலை.
மூடியைக் கழற்றியதும் வாய் தானாகச் சொன்னது:
"லேசா சுருக்குனு இருக்கும்."
அல்தாப் தன் இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

முதலாவதில் வெண்ணெயில் போவதுபோல் போனது.
அடுத்ததில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.
பாலசுந்தரத்திடம் பாதியில் நின்றது.
அழுத்தினேன்.
வளைந்தது.

"முதல் ரெண்டையும் இனி யாருக்கு விக்கிறது?"
பஞ்சை வைத்து ரெண்டு நிமிஷம்
அழுத்திப் பிடி தம்பி என்றேன்.
ஒன்பது வருட வேலையில் முதல்முறையாக
ஓர் ஊசி இறங்காததற்குச் சந்தோஷப்பட்டது நான்தான்.

பணம் ஒன்றுக்குத்தான் இருந்தது.
பின்சக்கரத்துக்கு என்றேன்.
பெட்டியின் பாரம் அங்கே. என் பாரமும்.

திங்கட்கிழமை ஓட்டேரிப் பாலம் ஏறும்போது
தொடை சொன்னது, பையன் பொய் சொல்லவில்லை.
மனசில்லாத எருமையைக்
கயிறு கட்டி இழுத்துப்போவதுபோல் இருந்தது.
ஏழு பத்துக்கு லேபில் இருந்தேன்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நேரத்துக்கு வருகிறவர்களை
யார் பார்த்திருக்கிறார்கள்.

இரவில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு
சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன்.
முதல் வாரம் நான்கு கம்பி, ஒரு கண்ணாடிச் சில்லு.
இருமல் மருந்து மூடியில் போட்டு வைத்திருக்கிறேன்.
வாசல்வரை வந்தவர்கள்.

மாதக்கடைசியில் ஊசிக்கணக்கு ஒன்று இடித்தது.
கீழே விழுந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள்
டவுட்டன் சிக்னலில்
அதே உஸ்.
இறங்கிப் பார்த்தேன்.
முன்சக்கரம்.