வாய் திறக்கும் சூடு

றம்பொடை வளைவில் மூன்றாம் தடவையும்
வேன் உறுமியதே தவிர ஏறவில்லை.
கருகிய பாண் மணம்.
அளவுக்கோலை உருவினேன்:
சிவப்பாய் ஊற்றிய கியர் எண்ணெய்
வெறுந்தேத்தண்ணி நிறத்தில்.

புசல்லாவை மரியசெல்வம்
ரேடியேட்டர் முன்னால் கூலர் கட்டினான்.
"போதுமா?"
"நுவரெலியா விடியலுக்கு?
விறைத்த எண்ணெயும் கியரைத் தின்னும்டா" என்று
விரல் நீளத் தேர்மோஸ்டாட் ஒன்றைக்
குழாயில் நுழைத்தான்.
எண்பது பாகை வரும்வரை
வாய் திறக்காதாம்.

இன்று விடிய
லீக்ஸ் பாத்தியெல்லாம் வெண்பனி.
எஞ்சின் ஓட ஓடக்
கூலர் சில்லிட்டே கிடந்தது.
பின்னேரம் அதே வளைவு,
ஆறு பேர், மூன்று மூட்டை.
ஏறியபின் நிறுத்தித் தொட்டேன்.
சுட்ட விரலை வாயில் வைத்தபடி
சிரித்தேன்.

பாக்கி ஒன்பதாயிரம் பற்றி
மரியசெல்வம் இன்னும்
வாய் திறக்கவில்லை.