செகண்ட்ஸ்

நூற்றி எண்பது கிராம் என்கிறது ஸ்டிக்கர்.
திருப்பூரில் அந்த எண்ணை விரலாலேயே படிப்போம்,
நல்ல டீசர்ட்டுக்கு அதுதான் கனம்.
ஜிஎஸ்எம் தராசில் தட்டை வைத்தேன்.
நூற்றி அறுபத்தி மூன்று.

மணி ஒன்பதரை. சாம்பிள் ரூமில் நானும்
ஹபீப் கொடுத்துவிட்ட சூட்கேஸ் பிளேயரும்.
பன்னெண்டு வருசம் கழித்து
யாரோ ஒரு லேபிள்காரருக்கு எங்கள் மேல் ஆசை வந்து
கடல் தாண்டி அச்சடித்து அனுப்பியிருக்கிறார்.
முன்னூறில் நாற்பத்தி ஒன்றாவது பிரதி.

முகூர்த்த நாளில் நாங்கள் வேறு ஆட்கள்.
கோட்டு மாட்டி, ரிசப்ஷன் மேடையேறி,
மாப்பிள்ளையின் மாமா துண்டுச்சீட்டில் கேட்கும் பாட்டையெல்லாம்
கேட்ட சுருதியில் வாசித்தோம். அது சோறு.
ஆடியில் கல்யாணம் இல்லை. அந்த ஒரு மாசம்
அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் குடோன்,
மூன்றே கார்டு, மூச்சு முட்டும் வேகம்.
அடுக்கியிருந்த அண்டாக்களும் கூடவே பாடின.
பேண்டுக்குப் பெயர் பனியன் வேஸ்ட்.
ஆல்பத்துக்கு, செகண்ட்ஸ்.
எட்டுப் பாட்டு, இருபத்தி ரெண்டு நிமிசம்.
எல்லாமே காதலில் தோற்றவை.
ஒன்று மட்டும் ஓவர்டைம் பேட்டா பற்றியது,
அதிலும் தோல்விதான்.

தொழில் புத்தி போகுமா?
லைட் பாக்ஸ் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விளிம்பில் வளைவு, மைனர்.
உறைக் காகிதத்தின் தூசு பள்ளத்தில், மைனர்.
அட்டையில் எங்கள் சிவப்பு ஷேடு மாறி
செங்கல் நிறமாகியிருக்கிறது.
நடு ஓட்டை நடுவில் இல்லை. நூல் கனம்தான் விலகல்,
அதற்கே என் பேஸ் நீளும் இடமெல்லாம்
குடித்தவன் சைக்கிள் மாதிரி அக்கட்டயும் இக்கட்டயும் போகிறது.
மேஜர்.

ஆனால் சென்னியப்பனின் கிக்!
பழைய சிடியில் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலிருந்தது
இப்போது நெஞ்செலும்பில் மிதிக்கிறது.
இதை எந்தக் காலத்தில் எழுதுவது?
என் படிவத்தில் குறைக்கு மட்டும்தான் இடம்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஷிப்மென்ட்’.
கரண்டு வருவதே செய்தியாக இருந்த வருசம் அது.
பல்லவி திரும்பும்போது போய்விட்டது.
கிடாரும் பேஸும் பொட்டென்று செத்தன.
லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால்
டிரம்ஸ் மட்டும் பதிவானது, பதினொரு வினாடி,
இருட்டுக்குள் விடாமல், தனியாக.
அந்தப் பதினொரு வினாடிக்காகத்தான் ஆல்பத்தையே வெளியிட்டோம்
என்று ஹபீப் இன்னமும் சொல்வான்.

தட்டில் அது இல்லை.
பல்லவியிலேயே சத்தம் மெல்லத் தேய்ந்து முடிகிறது,
பிசிறு வெட்டி மடித்த காலர் மாதிரி.

கிரிட்டிகல். மொத்த லாட்டும் ரிஜெக்ட்.
மெயிலில் பாதி எழுதியிருந்தேன்,
கரூருக்குக் கூப்பிட்டேன்.
பஸ் பாடி கட்டும் பட்டறை, பின்னால் தகரம் அடிக்கும் சத்தம்.

“நாந்தானுங்க வெட்டச் சொன்னேன்.”

பிறகு, தகரச் சத்தம் தள்ளிப்போக நடந்துகொண்டே,
“கண்ண மூடித்தானுங்களே நான் வாசிப்பேன்.
கரண்டு போனது எனக்கென்ன தெரியும்?
அன்னைக்குக் காத்தால என்ற தாளத்துக்காக
ஹபீப் சண்ட போட்டிருந்தான்.
ரெண்டு பேரும் வேணும்னே நிறுத்தீட்டீங்கன்னு நெனச்சேன்.
முழிச்சுப் பாக்கப் பயம்.
அதனாலதானுங்க நிறுத்தல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
“மத்தபடி தட்டு எப்படீங்க இருக்குது?” என்றான்.
“கிக் நல்லா வந்திருக்கு” என்றேன்.

மறுபடி நாலாவது பாட்டில் ஊசியை வைத்தேன்.
தேய்ந்து முடிந்தபின் வெற்றுப் பள்ளத்தில் தட்டு சுற்றுகிறது,
சுற்றுக்கு ஒரு டிக்.
ஆறு டிக் எண்ணினால் ஏறக்குறைய பதினொரு வினாடி.

நாலாவதில் வாட்ச்மேன் கதவைத் தட்டினார்.
“லைட்ட ஆஃப் பண்ணட்டுங்களா மேடம்?”

சித்த இருங்க.