துணைக்கால்

பீடோரில் இரவு பதினொன்றரை.
இங்கிலாந்தில் இன்னும் பகல், மழை வேறு.
"சேறு நம்ம தோட்டத்துச் சேறுதான்டா"
என்றான் வைரப்பெருமாள்;
அதற்கே மேசை தட்டினார்கள்.

ஆ லியோங் கடையில் தொலைக்காட்சி
சாமி மாடத்துக்கு ஒரு சாண் மேலே.
கல்லாவில் நான்.
பள்ளிக்கூட நோட்டில் பந்தயக் கணக்கு:
அஞ்சு ரிங்கிட், பத்து ரிங்கிட்,
செவத்தியான் மட்டும் கோழித்தீவனக் காசு முப்பது.
எல்லாம் ஒரே குதிரைமேல்.
எதிர்ப்பக்கம் தவுக்கே ஒருவர்தான்,
அவரும் ரகசியமாக அதையே வேண்டிக்கொண்டு.

வாயில் நுழையாத பெயர் அதற்கு.
நிறம் பார்த்து நாங்கள் வைத்தது சாம்பிராணி.
தோற்கிற நாளில் முன்னால் ஒரு 'மட' சேரும்.
மூன்று வருசத்தில் இரண்டே முறைதான் சேர்த்திருக்கிறோம்.

குணாளன் பந்தயம் கட்டுவதில்லை.
ஈப்போவில் பதினெட்டு வருசம் குதிரை தேய்த்தவன்,
இப்போது செம்பனை ஆலையில்
லாரிகளை எடைபோடுகிறான்.
"லயத்துல பொறந்தேன், லாயத்துல வளந்தேன்,
நடுவுல ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்" என்பான்,
குடித்தாலும் குடிக்காவிட்டாலும்.

ஓட்டம் தொடங்கியது.
இருபத்திரண்டு வேலிகள்.
ஒவ்வொரு வேலிக்கும் மேசைக்கடியில்
பதினாலு முழங்கால்கள் எழும்பி இறங்கின.
பாக் ஜைனி கோப்பியைக் கையில் ஏந்தியே தாண்டினார்,
ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஒன்பதாவதில் ஒரு பழுப்புக் குதிரை விழுந்தது.
அதன்மேல் யார் காசும் இல்லை.
அடுத்த சுற்றில் அந்த வேலியை விட்டு விலகி ஓடினார்கள்;
ஓரத்தில் பச்சைத் திரை ஒன்று,
கல்யாண வீட்டுப் பந்தல் துணி போல,
படத்துக்குள் வந்தது, போனது.

கடைசி வேலி.
சாம்பிராணி தாண்டி இறங்கும்போது முன்கால் வழுக்கி
மூக்கால் சேற்றை முகர்ந்தது.
கடைக்குள் மூச்சு இல்லை.
மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்கு.
பிறகு எப்படி எழுந்தது, எங்கே இருந்தது அந்தப் பலம்,
கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்:
ஒரு கழுத்து, அரைக் கழுத்து,
கழுத்தே இல்லை, வெறும் மூக்கு,
மூக்கில் அந்தச் சேறு.

வென்றது!
வைரப்பெருமாள் தலைக்கவசத்தைக் கூரைக்கு எறிந்தான்,
பல்லி ஒன்று விழுந்தது.
பாக் ஜைனி காவல் விசிலை ஊதினார்.
செவத்தியான் வீட்டுக்குப் போன் போட்டு
"ரெண்டு மூட்டை! ரெண்டு மூட்டை!" என்று அழுதான்.
தவுக்கே தோற்ற காசை எண்ணிக்கொண்டே
எல்லாருக்கும் ஒரு கோப்பி இலவசம் என்றார்,
பால் இல்லாமல்.

"அந்தப் பழுப்பு எழுந்துச்சா?"
குணாளன் கேட்டது யார் காதிலும் விழவில்லை.
என் காதில் விழுந்தது; நான் காசு பிரித்துக்கொண்டிருந்தேன்.
மறுபடி காட்டினார்கள், மறுபடி,
சாம்பிராணி நாலு கோணத்தில் வென்றது.
எந்தக் கோணத்திலும் பச்சைத் திரை இல்லை.

எல்லாரும் போனபின்
என் போனை வாங்கிக்கொண்டு
கடைவாசல் அஞ்சடியில் உட்கார்ந்தான்.
ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.
நான் கோப்பைகளைக் கழுவினேன்,
கழுவியதையே இன்னொரு முறை கழுவினேன்.

ஒன்றேகால் மணிக்கு
ஒரே ஒரு கூச்சல்.
சாம்பிராணிக்குக் கடையே சேர்ந்து போட்டதைவிடப் பெரிசு.
நாய்கள் எழுந்தன.
சிவப்பு விளக்கில் நின்றிருந்த பழக்குலை லாரி ஒன்று
என்னவென்று தெரியாமலேயே ஹாரன் அடித்தது.

"நடந்தே வண்டியில ஏறிச்சாம்க்கா.
நாலு கால்லயும்."

போனைச் சட்டையில் துடைத்துக் கொடுத்துவிட்டு
முன்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிளில் போனான்.
இலவசத்துக்கு முன்னால் குடித்த
இரண்டு கோப்பிக்குக் காசு தரவில்லை.
எழுதி வைத்தேன்.
அந்த நோட்டில் அவன் பெயர்
அதுதான் முதல் தடவை.