ஆறும் ஒன்றும்

முதலில் பிளக்கைப் பிடுங்கி
மடியில் வைத்துக்கொள்கிறேன்.
சுவரில் சுவிட்சை அணைத்தால் போதாது.
எங்கள் பிளாக்கில் ஃபேஸும் நியூட்ரலும்
எந்த வருஷம் இடம் மாறிக்கொண்டன என்று
லைன்மேனுக்கே தெரியாது.

ஞாயிறு, பகல் இரண்டரை.
எருக்கஞ்சேரி ஹவுசிங் போர்டு முழுக்க
பிரியாணி தூங்குகிறது.

இட்லித் தட்டின் ஏழு குழியில்
ஏழு திருகாணி, கழற்றிய வரிசையில்.
ஆறு ஒரே நீளம்.
கைப்பிடி அடியில் இருப்பது மட்டும் குட்டை.
முன்பொருமுறை அங்கே நெட்டையைத் திணித்து
உறையில் விட்ட விரிசல்
இன்னும் என்னைப் பார்க்கிறது.

மூடியைத் தூக்கியதும் போனில் ஒரு படம்:
சிவப்பு ஒயர் யார் பக்கம், கறுப்பு யார் பக்கம்,
கல்யாண குரூப் போட்டோ மாதிரி.

ஊதக் கூடாது, கண்ணுக்குள் போகும்.
பழைய பல் பிரஷால்
செய்தித்தாளில் தட்டுகிறேன்.
உதிர்வது தூசியா,
இந்த மாடிப்படியின் கணக்கு நோட்டா?
செங்கல் சிவப்பு, நாகூரான் வீட்டு வாட்டர் ஃபில்டர்.
வெள்ளைப் பட்டி, ஜுபைதா அக்காவின் திரைச்சீலைக் கம்பி.
ஆஸ்பத்திரிப் பச்சை
இரண்டாம் மாடி கோதண்டம்.
பச்சைதான் அதிகம்.

"ஒரே ஒரு ஆணி, காலண்டர் மாட்ட"
என்று வாங்கிப் போனவர்
பதினோராம் நாள் கொண்டுவந்தார்.
"ஓடமாட்டேங்குது. நான் ஒண்ணும் பண்ணலை."

கார்பன் இரண்டும்
சுண்டுவிரல் நகமாகத் தேய்ந்திருந்தன.
நேற்று டியூட்டி முடிந்து நேராக
செம்புதாஸ் தெரு.
கடைக்காரர் பழையதை வெளிச்சத்தில் பார்த்தார்,
பிஸ்கட் டப்பாவில் கைவிட்டுக் கலைத்தார்.
"கம்பெனிது இல்லை. தேய்ச்சுப் போட்டுக்கோ."
தேய்த்தேன்.
உப்புத்தாளில் எட்டுக் கோடு இழுப்பு,
பொருத்திப் பார்ப்பு, மறுபடி நாலு.
கூட்டுக்குள் அது வழுக்கிக்கொண்டு போகணும்,
இடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது.

அப்போதுதான் கண்டேன்.
ஆர்மெச்சர் தண்டில், விசிறியின் கழுத்தில்
முடி.
இழுக்க இழுக்க வந்தது,
ஒரு முழத்துக்குமேல்,
நுனி மட்டும் மருதாணிச் சிவப்பு.

கோதண்டத்துக்கு வழுக்கை.

நைட் டியூட்டி வாரம் அது.
தினமும் காலை பதினோரு மணிக்கு
தலைக்குமேல் உறுமியதைத் தலையணையால் அடைத்து
நான் திட்டித் தீர்த்தது கோதண்டத்தை.
ஒன்பதுக்கே டெப்போவுக்குப் போகிறவர் அவர்
என்பது இப்போது உறைக்கிறது.
பூங்காவனம்.
படியில் தண்ணீர்க் குடத்தோடு
ஒதுங்கி வழிவிடுகிறவள்.

கம்யூட்டேட்டர் கறுப்பை
பென்சில் ரப்பரால் துடைத்தேன்.
செம்பு கொஞ்சம் சிரித்தது.
பல்சக்கரத்துக்கு ஒரு விரல் கிரீஸ்.
கழுத்தில் நைந்த ஒயரை வெட்டி
மீண்டும் முடிந்தேன்.
ஒவ்வொரு ரிப்பேருக்கும் நாலு விரல் குறைகிறது.
வாங்கியபோது பால்கனி வரை போனது,
இப்போது சமையல்கட்டு வாசலோடு சரி.

மடியிலிருந்து பிளக் சுவருக்குப் போனது.
வெறும் ஓட்டம், ஐந்து நிமிஷம்.
முதலில் உள்ளே நீலப்பொறி வட்டம்,
கருகல் வாடை,
பிறகு பொறி அடங்கி
சத்தம் ஒரே நூலாக.
மேலே ஜன்னல் திறந்தது.

சாயங்காலம் கோதண்டம்.
"சரியாயிடுச்சாமே? இன்னும் ஒரே ஒரு ஆணி."
"ஓட்டறவங்களை வரச் சொல்லுங்க."
கழுத்தைத் தடவிக்கொண்டு போனார்.

வந்தாள்.
கொண்டையை இறுக்கி, மேலே துண்டு கட்டி.
நான் எதுவும் கேட்கவில்லை.
சக்கைத் திருகிப் பார்த்தாள்,
பிட் நுனியை நகத்தில் உரசினாள்,
ஒயரை மெஷின்மேல் சுற்றாமல்
கையில் பெரிய வளையமாகத் தளர்த்திக்கொண்டாள்.
"குட்டையாயிடுச்சே."
"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கா?"
"அதையும் நீங்கதான் குடுக்கணும்."
கொடுத்தேன்.

ராத்திரி இட்லிக்குத் தட்டைக் கழுவப் போனால்
நடுக்குழியில் ஒரு திருகாணி.
குட்டை.

மேலே ஓடத் தொடங்கிவிட்டது.
ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு
படியேறுகிறேன்,
இரண்டிரண்டாக.